மூளையின் நலம்: அன்றாடப் பழக்கங்களுக்கு எவ்வளவு பங்கு?

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடை கொண்டது. உடல் எடையில் அது 2 சதவீதம்தான். ஆனால் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது. தசையும் கல்லீரலும் சர்க்கரையைச் சேர்த்துவைத்து வேண்டியபோது எடுத்துக்கொள்ளும். மூளைக்கு அப்படிச் சொல்லத்தக்க கையிருப்பு கிடையாது. அதற்கு வேண்டிய குளுக்கோஸும் ஆக்சிஜனும் நொடிக்கு நொடி ரத்தத்தில் வந்துகொண்டே இருக்க வேண்டும். ரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில விநாடிகளில் நினைவு தப்பும், சில நிமிடங்களில் நரம்பணுக்கள் மடியத் தொடங்கும். மூளை நலம் பற்றிய எந்த ஆய்வும் ரத்த நாளங்களில் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

மூளை நலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று நீண்ட காலத்தைப் பற்றியது: எழுபது, எண்பது வயதில் நினைவும் பகுத்தறியும் ஆற்றலும் எவ்வளவு மிஞ்சும்? மற்றது இன்றைய பொழுதைப் பற்றியது: எடுத்த வேலையில் கவனம் நிற்கிறதா, சிந்தனை தெளிவாக ஓடுகிறதா? இரண்டுக்கும் பொதுவான பழக்கங்கள் பல உண்டு என்றாலும் சான்றுகள் வேறு வேறு. முதல் கேள்விக்கு விடை காணப் பல ஆயிரம் பேரை இருபது, முப்பது ஆண்டுகள் பின்தொடர வேண்டும். இரண்டாவதைச் சில வார ஆய்வுக்கூடச் சோதனையிலேயே அளந்துவிடலாம். விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. காலையில் குடித்தால் மாலையில் சுறுசுறுப்பு தரும் ஒன்று, முதுமையில் மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லாமல் விற்கப்படுகிறது.

முதல் கேள்விக்கு இன்று கிடைக்கும் மிக விரிவான விடை, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த மறதி நோய் ஆணையத்தின் அறிக்கைகளில் உள்ளது. 2017-ல் வந்த அறிக்கை மாற்றக்கூடிய 9 காரணிகளைச் சுட்டியது. 2020-ல் அவை 12 ஆயின, 2024-ல் 14. குறைந்த கல்வி, காது கேளாமை, பார்வைக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை நோய், உடல் பருமன், உடலுழைப்பின்மை, புகை, மிகையான மது, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, காற்று மாசு ஆகியவையே அந்தப் பதினான்கு. இவை அனைத்தையும் அறவே நீக்க முடிந்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது ஆணையத்தின் கணக்கு. இது மக்கள்தொகை முழுமைக்கும் உரிய மதிப்பீடு. தனி ஒருவர் நன்றாக நடந்துகொண்டால் அவருடைய ஆபத்து 45 சதவீதம் குறைந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. வயதும் மரபணுவும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். எல்லாப் பழக்கங்களையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவருக்கும் அல்சைமர் என்னும் மறதி நோய் வருவதுண்டு. அது அவர் குற்றமல்ல என்பதை நோயாளியின் குடும்பம் அறிந்திருப்பது அவசியம்.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கு அயலானது அன்று. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கும் என்று 2023-ல் வெளியான தேசிய மதிப்பீடு கூறுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும் நகரங்களைவிடக் கிராமங்களிலும் விகிதம் கூடுதல். பள்ளிக்குப் போகும் வாய்ப்பு யாருக்கு மறுக்கப்பட்டது என்பதோடு இது ஒத்துப்போகிறது.

பதினான்கு காரணிகளிலும் ஒருவர் தம் கையாலேயே அளந்து அறியக்கூடியவற்றில் ஒன்று ரத்த அழுத்தம். நாற்பது வயதிலிருந்து அறுபது வயதுவரை கட்டுப்பாடின்றி இருக்கும் அழுத்தம், மூளையின் உட்பகுதிக்குப் போகும் மயிரிழை நாளங்களைத் தடிக்கவைத்துச் சுருக்குகிறது. அங்கே ஏற்படும் சிறு சிறு அடைப்புகளால் கை கால் விழாது, பேச்சு குழறாது. ஆண்டுகள் பல கழித்து, நடையின் வேகமும் முடிவெடுக்கும் வேகமும் குறைந்த பிறகுதான் வீட்டார் கவனிப்பார்கள். அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரின்ட் ஆய்வில் ஒரு சாராருக்கு மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழும், இன்னொரு சாராருக்கு 140-க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். 2019-ல் வந்த முடிவின்படி, முதல் சாராரிடம் மறதி நோய்க்கு முந்தைய கட்டமான லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைவாக இருந்தது. மறதி நோயே குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு எட்டவில்லை. ஆயினும் மூளையைக் காக்க மருத்துவம் காட்டக்கூடிய வலுவான சோதனைச் சான்றுகளில் இது ஒன்று.

வளர்ந்த இந்தியர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்ற பெரிய ஆய்வு 2023-ல் தெரிவித்தது. பலருக்கும் தமக்கு அழுத்தம் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும், தலைசுற்றல் இல்லை என்பதால் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இதயத்தையும் சிறுநீரகத்தையும் எண்ணித் தொடங்கிய ஏற்பாடுதான். மூளைக்கும் இதைவிடப் பயன்படும் பொதுத் திட்டத்தை எண்ணிப் பார்ப்பது கடினம். நினைவாற்றல் டானிக்குக்கு மாதந்தோறும் செலவிடும் குடும்பம், அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிவைத்தால் அதைவிடக் கூடுதல் பலன் பெறும்.

உப்பும் இதோடு சேர்ந்தது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, கடை மிக்சர் என்று சேரும்போது சமையலில் போட்ட உப்பைக் கணக்கிடுவதற்கு முன்பே வரம்பின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

உடற்பயிற்சி மூளைக்குள் என்ன செய்கிறது என்பதற்கு எரிக்சன் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 55 முதல் 80 வயதுள்ள 120 பேரில் பாதிப் பேர் வாரத்தில் மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்தார்கள். மற்றவர்கள் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஓராண்டு முடிவில், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நடந்தவர்களிடம் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களிடம் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவைக் காட்டவில்லை. நடை அழுத்தத்தைக் குறைக்கிறது, இன்சுலின் வேலை செய்ய உதவுகிறது, தூக்கத்தை ஆழமாக்குகிறது, மனச்சோர்வைத் தணிக்கிறது என்பதில் ஐயம் இல்லை. இந்த வழிகள் எல்லாமே மூளையில் வந்து முடிகின்றன.

எவ்வளவு நடக்க வேண்டும்? வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரிட்டனில் 78,430 பேரின் கையில் அளவி கட்டி 2022-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 9,800 காலடிகள்வரை நடப்பவர்களிடம் மறதி நோய் படிப்படியாகக் குறைவாகக் காணப்பட்டது. 3,800 அடிகளிலேயே 25 சதவீதக் குறைவு தென்பட்டது என்பதுதான் அதில் கவனிக்கத்தக்கது. மூட்டு வலியோடு மொட்டை மாடியில் மெல்ல நடக்கும் முதியவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் நோய் தொடங்கியவர்கள் இயல்பாகவே நடையைக் குறைத்துக்கொள்வார்கள் என்பதால், இத்தகைய கண்காணிப்பு ஆய்வுகளில் காரணத்தையும் விளைவையும் முழுதாகப் பிரித்துவிட முடியாது.

தூக்கத்தில்தான் நீண்ட கால நலமும் அன்றாடத் தெளிவும் ஒன்றுசேர்கின்றன. பகலில் கற்றவற்றை மூளை அடுக்கி உறுதிப்படுத்துவது இரவில். ஆழ்ந்த உறக்கத்தில் மூளையைச் சூழ்ந்த நீர் திசுக்களின் ஊடே பாய்ந்து கழிவுகளை அகற்றுகிறது என்று மைக்கன் நெடர்கார்டு குழுவினர் 2013 முதல் எலிகளிடம் காட்டிவந்தார்கள். அல்சைமரில் படியும் அமிலாய்டு புரதமும் அந்தக் கழிவுகளில் ஒன்று. 2024-ல் வேறொரு குழு, எலிகளின் உறக்கத்தில் இந்தக் கழிவகற்றம் கூடுவதற்குப் பதில் குறைவதாகக் கண்டது. விவாதம் இன்னும் முடியவில்லை. ஆகவே ‘தூங்கும்போது மூளை கழுவப்படுகிறது’ என்று உறுதிபடச் சொல்வதற்கு இது நேரமல்ல.

தூக்கக் குறைவின் கேட்டுக்கு அந்த விளக்கம் தேவையும் இல்லை. பிரிட்டன் அரசு ஊழியர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், 50, 60, 70 ஆகிய மூன்று வயதுகளிலும் 6 மணி நேரத்துக்கு மேல் தூங்காதவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் ஆபத்து 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. அன்றாடத் தெளிவு பற்றிய சான்று இதைவிடக் கூர்மையானது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 48 பேரிடம் செய்து 2003-ல் வெளியான சோதனையில், இரண்டு வாரம் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டுமே தூங்க விடப்பட்டவர்களின் கவனம், ஓரிரு இரவுகள் கண் விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. தாங்கள் அவ்வளவு சரிந்திருப்பதை அவர்கள் உணரவில்லை. ‘எனக்கு ஐந்து மணி நேரம் போதும், பழகிவிட்டது’ என்று சொல்பவரின் பேச்சை இதனால்தான் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பழகியது சோர்வு, திறன் அல்ல. தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் படிக்கும் மாணவர் இழப்பதும் இதையேதான்: படித்ததைப் பதியவைக்கும் நேரத்தைப் படிப்பதற்கே கொடுத்துவிடுகிறார்.

காப்பியின் காஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காப்பியில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். உரத்த குறட்டையும், அதனிடையே மூச்சு நின்று திணறி எழுவதும் நல்ல உறக்கத்தின் அடையாளமாக நம் வீடுகளில் தவறாகக் கருதப்படுகின்றன. அது தூக்க மூச்சுத்தடை என்ற நோயாக இருக்கலாம். இரவெல்லாம் மூளைக்கு ஆக்சிஜன் விட்டுவிட்டுக் குறைவதால் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் பகலில் மந்தமாக இருக்கும். இதற்குச் சிகிச்சை உண்டு.

உணவைப் பொறுத்தவரை நம்பிக்கை மிகுதி, சான்று மிதமானது. கீரை, பருப்பு, கொட்டைகள், முழு தானியம், மீன் ஆகியவற்றைக் கூட்டி, இனிப்பையும் வெண்ணெயையும் பொரித்தவற்றையும் குறைக்கும் ‘மைன்ட்’ என்ற உணவுமுறையை மார்த்தா கிளேர் மாரிஸ் 2015-ல் முன்வைத்தபோது, அதைப் பின்பற்றியவர்களிடம் அல்சைமர் வெகுவாகக் குறைந்து காணப்பட்டது. 604 பேரை இரு பிரிவாக்கி மூன்றாண்டு நடத்திய சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. இரு பிரிவினரும் சற்று முன்னேறினார்கள். உணவுமுறையால் தனிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை. மூன்றாண்டு போதாது என்பது ஒரு விளக்கம். ஒப்பீட்டுப் பிரிவினரும் உணவைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது இன்னொன்று. எப்படியும் இந்த உணவு இதயத்துக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது மூளைக்குக் கெடுதியாகப் போவதில்லை. இதற்காக ஆலிவ் எண்ணெயும் புளூபெர்ரியும் தேடி அலைய வேண்டியதில்லை. முருங்கைக்கீரையும் நிலக்கடலையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் மத்தி மீன் குழம்பும் அதே வகையைச் சேர்ந்தவை. தட்டில் முக்கால் பங்கு வெள்ளைச் சோறு என்ற வழக்கம் மாறுவதுதான் கடினமான பகுதி.

வல்லாரையை நினைவுக்குரிய கீரையாகத் தமிழ் மருத்துவ மரபு நெடுங்காலமாகப் போற்றிவருகிறது. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை, முடிவுகள் உறுதியற்றவை. துவையலாகச் சாப்பிடத் தடை ஒன்றும் இல்லை. தேர்வு மதிப்பெண்ணை அதனிடம் எதிர்பார்ப்பது வேறு. ஜின்கோ என்ற மூலிகைக்கு இதைவிடப் பெரிய சோதனை நடந்தது: 75 வயதைக் கடந்த 3,069 அமெரிக்கர்களிடம் சுமார் ஆறாண்டு கொடுத்துப் பார்த்ததில் மறதி நோய் குறையவில்லை என்று 2008-ல் தெரிந்தது. மூளைக்கென்று வைட்டமின், மீன் எண்ணெய் மாத்திரைகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. அதன் பிறகு வந்த காஸ்மோஸ் ஆய்வுகள் பல்வகை வைட்டமின் மாத்திரையால் முதியவர்களுக்குச் சிறு பலன் இருப்பதாகக் கண்டன. பலன் சிறிது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

வைட்டமின் பி12 மட்டும் தனியே பேசத்தக்கது. அது இயற்கையில் விலங்குணவில்தான் உண்டு. மீன், முட்டை, இறைச்சி இல்லாமல், பாலும் தயிரும் குறைவாகச் சாப்பிடுபவர்களிடம் இந்தக் குறைபாடு இந்தியாவில் பரவலாக உள்ளது. சர்க்கரைக்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடமும், நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தாமல் விழுங்குபவர்களிடமும் பி12 குறையக்கூடும். கால் மதமதப்பு, சோர்வு, மறதி என்று அது வெளிப்படும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துத் தொடக்கத்திலேயே ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் பெரும்பாலும் சீராகும். காலம் தாழ்த்தினால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும்.

காது மூளை நலத்தின் பகுதி என்று நினைப்பவர்கள் குறைவு. லான்செட் ஆணையமோ தனிக் காரணிகளில் மிகப் பெரிய பங்கு கொண்ட இரண்டில் ஒன்றாக, 7 சதவீதம் என்று, காது கேளாமையை வைக்கிறது. மற்றது கெட்ட கொழுப்பு. கேட்கும் ஒலி குறையும்போது அதைப் பொருள்கொள்ளவே மூளையின் உழைப்பு செலவாகிவிடுகிறது. அதோடு, கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். கல்யாண வீட்டில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்த்தப்படுகிறார். கேள்விக்கு மாற்றிப் பதில் சொன்னால் சிரிக்கிறார்கள். அடுத்த முறை அவர் வாயே திறப்பதில்லை. கேளாமை தனிமையாக மாறுவது இப்படித்தான். 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் நடந்த அச்சீவ் சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. மொத்தத்தில் காது கருவியால் வேறுபாடு காணப்படவில்லை. ஏற்கெனவே இதய நோய் போன்ற ஆபத்துகள் மிகுந்திருந்த பிரிவினரிடம் மட்டும் அறிவாற்றல் சரிவு மூன்றாண்டில் 48 சதவீதம் குறைந்தது. கண்ணாடி அணிய யாரும் கூசுவதில்லை. காது கருவிக்கு மட்டும் இன்னும் கூச்சம் இருக்கிறது, விலையும் ஒரு தடை. கண்புரை நீக்கும் அறுவைக்கு இருப்பதுபோல் இலவச முகாம்கள் காதுக்கும் பரவலாக வந்தால் பயன் பெரிது.

கற்றலும் மொழியும் மூளைக்குச் சேமிப்பாகின்றன என்ற கருத்துக்கு அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள் 678 பேரை டேவிட் ஸ்னோடன் ஆராய்ந்த ஆய்வு பெயர்பெற்றது. அவர்களில் சிலரது மூளை இறப்புக்குப் பின் பார்த்தபோது அல்சைமர் படிவுகளால் நிறைந்திருந்தது. உயிரோடு இருந்தவரை அவர்களிடம் மறதியின் அறிகுறி இல்லை. பாதிப்பு இருந்தும் மாற்று வழிகளால் சமாளிக்கும் இந்தத் திறனை ஆராய்ச்சியாளர்கள் அறிவாற்றல் கையிருப்பு என்கிறார்கள். தென்னிந்தியாவுக்கே உரிய சான்று ஒன்று இதில் உண்டு. ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளை சுவர்ணா அல்லாடி குழுவினர் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டோ அதற்கு மேலோ மொழிகள் பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிட நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இதே வேறுபாடு இருந்ததால் இது படிப்பின் விளைவு மட்டும் என்று ஒதுக்க முடியவில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்த ஆய்வு என்ற குறை இருந்தாலும், சந்தையிலும் வீட்டிலும் வேலையிலும் மொழி மாறி மாறிப் பேசும் வாழ்க்கை மூளைக்கு ஓயாத பயிற்சி என்று கருத இடம் தருகிறது.

குறுக்கெழுத்தும் சுடோகுவும் அவற்றை நன்றாகப் போடும் திறனைத் தரும். அந்தத் திறன் மற்ற வேலைகளுக்குப் பரவுவது குறைவு. 2,800 முதியவர்களிடம் நடந்த ஆக்டிவ் சோதனையில், தர்க்கத்திலும் வேகத்திலும் பயிற்சி பெற்றவர்களிடம் அந்தந்தத் திறன் பத்தாண்டுக்குப் பிறகும் மிஞ்சியிருந்தது. நினைவுப் பயிற்சியின் பலன் கரைந்துவிட்டது. புதிதாக வீணை பழகுவது, பேரப்பிள்ளையின் பாடத்தைக் கற்றுச் சொல்லிக்கொடுப்பது போன்றவற்றில் சிக்கலும் துணையும் சேர்ந்தே இருப்பதால் தனியே திரையில் ஆடும் விளையாட்டைவிட அவை மேல் என்று நினைக்க நியாயம் உண்டு.

அன்றாடத் தெளிவுக்கு வந்தால், கவனம் துண்டாடப்படுவதே இன்றைய முதன்மைச் சிக்கல். ஒரு வேலையை முடிக்காமல் வேறொன்றுக்குத் தாவும்போது முதல் வேலையின் மிச்சம் மனத்தில் தங்கி இரண்டாவதைக் கெடுக்கிறது என்று சோஃபி லெரோய் 2009-ல் காட்டினார். மேசைமேல் கைபேசி சும்மா இருந்தாலே சிந்தனைத் திறன் குறையும் என்று 2017-ல் வந்த புகழ்பெற்ற ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தை ஒரே வேலைக்கு ஒதுக்குவதற்கு அந்த ஆய்வின் துணை தேவையில்லை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தாலும் கவனம் தளரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 லிட்டர். சித்திரை வெயிலில் கட்டட வேலை செய்பவர் அதை மதியத்துக்குள் இழந்துவிடலாம்.

தியானம் பலருக்குப் பதற்றத்தைக் குறைக்கிறது, அது போதுமான காரணம். எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பே மாறும் என்ற கூற்றை 218 பேரிடம் சோதித்துப் பார்த்து 2022-ல் வெளியான ஆய்வு உறுதிசெய்யவில்லை.

புகைக்கும் மதுவுக்கும் மூளையில் நல்ல பக்கம் ஏதும் இல்லை. சிறிதளவு மது நல்லது என்ற பழைய நம்பிக்கையும் மூளையைப் படம்பிடித்த பிற்கால ஆய்வுகளில் தளர்ந்துவிட்டது. தலைக்காயம் இளைஞர்களும் கவனிக்க வேண்டிய காரணி. இரு சக்கர வண்டியில் போகும்போது தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு, போலீஸைக் கண்டால் மட்டும் அணிபவர் முப்பது ஆண்டுக்குப் பின்னான தம் நினைவையும் பணயம் வைக்கிறார்.

பழக்கங்களைத் தனித்தனியே சோதித்தால் பலன் சிறிதாகத் தெரிகிறது. ஒன்றுசேர்த்தால்? பின்லாந்தில் மியா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கும் ஒரு பிரிவினருக்கு ஒருசேரக் கொடுக்கப்பட்டன. இரண்டாண்டு முடிவில் அவர்களின் அறிவாற்றல் முன்னேற்றம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று 2015-ல் வெளியானது. அமெரிக்காவில் 2,111 பேரிடம் நடந்த பாயின்டர் சோதனையின் முடிவு 2025-ல் வந்தது. அதில் இரு பிரிவினருக்கும் இதே அறிவுரைதான். ஒரு பிரிவினர் தாமாகச் செய்துகொண்டார்கள், மற்றவர்கள் குழுவாகக் கூடி, கண்காணிப்போடு செய்தார்கள். இருவரும் முன்னேறினார்கள், கூடிச் செய்தவர்கள் சற்றுக் கூடுதலாக. காலையில் பூங்காவில் கூட்டமாக நடந்து, பேசி, ஒருவர் வராவிட்டால் விசாரிக்கும் குழுக்களுக்கு இதைவிட நல்ல பரிந்துரை வேண்டியதில்லை.

பழக்கங்களால் தீராத மறதியும் உண்டு. பெயர் மறந்து பிறகு நினைவுக்கு வருவது வயதின் இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுவது, கணக்கு வழக்கில் தொடர்ந்து பிழை செய்வது, ஒரே கேள்வியைச் சில நிமிடங்களில் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவை மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, மண்டையோட்டுக்குள் ரத்தக்கசிவு, தூக்க மாத்திரைகளும் சில சளி, அரிப்பு மாத்திரைகளும் தரும் பக்கவிளைவு ஆகிய ஒவ்வொன்றும் மறதி நோய் போலவே தோன்றலாம். இவை குணப்படுத்தக்கூடியவை. முதியவர் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது இவற்றைக் கண்டறியும் பரிசோதனையின் முதல் படி.